சைக்கிளோட்டியின் நஷ்டஈட்டு உரிமை



சாலை விபத்தில் காயமுற்ற சைக்கிளோட்டிகளுக்குச் சட்டம் அளிக்கும் பரிகாரம் என்னும் பொருள் பற்றி நான் பேசப்போகிறேன் என்று அறிந்த நண்பர்கள் சிலர், இது வக்கீல்களுக்கு உரிய விஷயமாயிற்றே, பொதுமக்கள் கூடும் சபையில் இதற்கு என்ன இடம் என்று கேட்டார்கள். நம் நாட்டில் சைக்கிளில் செல்பவர் யார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால் அக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும். விடியற்காலையில் ஹாண்டில்பாரின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவரும், பத்திரிகைக் கட்டைக் காரியரில் வைத்து வீடு வீடாகப் போட்டுச் செல்லும் இளைஞரும், கரணையையும் மட்டப்பலகையையும் பைக்குள் திணித்துக்கொண்டு தொலைவிலுள்ள கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாரும், இரவுக் காவல் முடிந்து தூக்கம் அழுத்தும் கண்களோடு வீடு திரும்பும் முதியவரும், அரசாங்கம் விலையின்றி வழங்கிய சைக்கிளில் மேனிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவியுமே நம்முடைய சைக்கிளோட்டிகளில் மிகப் பெரும்பாலோர். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிறர் துணையை எதிர்பாராமல் போய்வரத் தொடங்கியதை இங்குள்ளோர் பலர் அறிவீர்கள். ஏழையின் சுதந்திரத்துக்கு இத்துணை உதவிய வாகனம் வேறொன்று உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அதே வாகனந்தான், உடலைக் காக்கும் கூடு ஏதுமின்றி, லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

சட்டம் இவர்களைக் கைவிட்டுவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப் புத்தகத்தில் இவர்களுக்கென்று எழுதப்பட்டிருப்பது கொஞ்சமன்று. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்டும் ருசுவைத் தேடிக் கொணரும் பாரம் மயக்கமுற்றுக் கிடப்பவன் தலையிலேயே வந்து விழுவதாலும், அவனுடைய உழைப்புக்கு விலை மதிக்கும் வேளையில் நம் கை சுருங்கிவிடுவதாலும், எழுதப்பட்டது பல வேளைகளில் அவன் வீடு வந்து சேருவதில்லை. இவ்விரண்டையும் பற்றியே நான் விரிவாகப் பேச விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனங்கள் புழங்கத் தொடங்கிய காலத்தில், விபத்தில் மாண்டவரின் குடும்பத்தார் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தின்படி சிவில் கோர்ட்டில் வழக்காட வேண்டியிருந்தது. 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1946 ஜூலை முதல் தேதியிலிருந்து, வாகனத்தால் மூன்றாம் நபருக்கு நேரும் கேட்டுக்கான இன்ஷூரன்ஸ் கட்டாயமாயிற்று. 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பயனாக இவ்வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைய வழி பிறந்தது. பிழை யாருடையது என்று பாராமலே ஒரு தொகை கொடுக்க வேண்டும் என்னும் தர்மம் 1982-இல் சட்டத்தில் இடம்பெற்றது. அப்போது மரணத்துக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் விதிக்கப்பட்டன. இன்று அமலில் இருப்பது 1988-ஆம் ஆண்டுச் சட்டமும், 2019-இல் இயற்றப்பட்டு, நஷ்டஈட்டைப் பொறுத்தமட்டில் 2022 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தங்களுமே.

இச்சட்டத்தின் கண்ணில் சைக்கிள் ஒரு மோட்டார் வாகனமன்று. மனிதனின் கால்வலிமையால் ஓடும் அதற்கு லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் வேண்டியதில்லை; ஹெல்மெட் அணிய வேண்டும் என்று சட்டம் ஆணையிடுவதும் மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கே. முற்காலத்தில் நகரசபைகள் சைக்கிளுக்கு வரி விதித்து வில்லை வழங்கியதையும், இரவில் விளக்கில்லாமல் சென்றவர்கள் போலீஸ்காரரைக் கண்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்ததையும் வயதானவர்கள் நினைவுகூர்வார்கள். அந்த வரியும் வில்லையும் மறைந்துவிட்டன. எனவே, உன்னிடம் லைசென்ஸ் உண்டா, தலைக்கவசம் அணிந்திருந்தாயா என்று கேட்டுச் சைக்கிளோட்டியை மிரட்டுபவர் சட்டமறியாதவரே. மோதிய வாகனத்தின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அவர் மூன்றாம் நபர். அந்த இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். ஓடும் வாகனம் மோதினால்தான் உரிமை உண்டு என்பதுமில்லை. சாலையில் விளக்கின்றி நிறுத்திவைத்த லாரியின் பின்புறத்தில் மோதி விழுந்தாலும், நின்ற காரின் கதவு சட்டென்று திறந்து தள்ளினாலும், அதுவும் மோட்டார் வாகனத்தின் உபயோகத்தால் நேர்ந்த விபத்து என்று வழக்காட இடமுண்டு. உபயோகம் என்பது ஓட்டத்தை மட்டும் குறிப்பதன்று என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே விளக்கியிருக்கிறது.

காயமுற்றவருக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. 164-ஆவது பிரிவின்படி, ஓட்டியவரின் அஜாக்கிரதையை நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் பெறலாம். 166-ஆவது பிரிவின்படி அஜாக்கிரதையை நிரூபித்து, உண்மையில் நேர்ந்த நஷ்டம் முழுவதையும் கோரலாம். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். முதல் வழியில் கம்பெனி தர முன்வந்த தொகையை ஏற்றுக்கொண்டுவிட்டால், தீர்ப்பாயத்தில் தொடுத்த மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் வாங்கித் தவிக்கும் வேளையில் இரண்டரை லட்சம் பெருந்தொகையாகத் தோன்றும். ஆனால் ஆயுள் முழுதும் காலை இழுத்து நடக்கப்போகும் ஓர் இளைஞனுக்கு அது எவ்வளவு சொற்பம் என்பதை அப்போது எடுத்துச் சொல்ல யாரும் அருகிலிருப்பதில்லை. ஆகையால், விஷயமறிந்த ஒருவரைக் கலந்துகொள்ளாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

இனி ருசுவைப் பற்றி. விபத்து நிகழ்ந்தவுடன் சைக்கிளோட்டி ஸ்மரணையின்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். போலீஸ் நிலையத்துக்கு நடந்து சென்று வாய்திறந்து பேசக்கூடிய நிலையில் இருப்பவர் வாகனத்தை ஓட்டியவர் ஒருவரே. அவர் சொல்லுவது பெரும்பாலும் ஒரே வாக்கியந்தான்: சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டார். அந்த வாக்கியம் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டால், பின்னர் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்து எழுந்துவரும் மனிதர் அதை எதிர்த்துப் போராட வேண்டியவராகிறார். ஆனால் அவர் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. முதல் தகவல் அறிக்கையே முடிந்த முடிபாகாது. கிரிமினல் வழக்கில் வேண்டப்படும் ஐயந்திரிபற்ற நிரூபணமும் தீர்ப்பாயத்தில் வேண்டுவதில்லை. இன்னவாறு நிகழ்ந்திருப்பதற்கே அதிக சாத்தியமுண்டு என்று காட்டினால் போதும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்தியிருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்னரே, 1980-இல், பேருந்து ஒன்று தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பிரயாணிகள் மாண்ட வழக்கில், ஓட்டுநர் கிரிமினல் கோர்ட்டில் விடுதலையானது நஷ்டஈட்டைத் தடுக்காது என்றும், நுணுக்கமான ஆட்சேபங்களால் நிரபராதிகள் வஞ்சிக்கப்படாமல் தீர்ப்பாயங்கள் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

சாட்சி சொல்ல மனிதர் இல்லாதபோது பொருள்கள் சாட்சி சொல்லும். பின்மட்கார்டு உள்நோக்கி நசுங்கிக் காரியர் வளைந்திருக்குமாயின், வாகனம் பின்னாலிருந்து வந்து மோதியது. குறுக்கே திரும்பினார் என்ற கதை அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே நொறுங்கிய சைக்கிளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமலும், பழுதுபார்த்து ஓட்டாமலும், வழக்கு முடியும் வரையில் அப்படியே வைத்திருங்கள். அதற்குமுன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உடுத்தியிருந்த உடையையும் எறிந்துவிட வேண்டாம். போலீஸார் தயாரிக்கும் பார்வை மகஜரும், சம்பவ இடத்தின் வரைபடமும், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும், ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் பதியப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலும் ஒன்றோடொன்று பொருந்திவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தப் பதிவேட்டில் டியூட்டி டாக்டர் எழுதும் ஒரு வரி, அதாவது விபத்து எப்படி நேர்ந்ததாகக் கூறப்பட்டது என்னும் வரி, பிற்பாடு பெருமதிப்புப் பெறுகிறது. சைக்கிளிலிருந்து கீழே விழுந்தார் என்று மட்டும் அங்கே எழுதப்பட்டிருக்குமாயின், மோட்டார் வாகனம் மோதவே இல்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடும். உடன் செல்லும் உறவினர், பதற்றத்திலும் அதை மட்டும் சரியாகச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும்.

இந்தப் பாரத்தைக் குறைக்கச் சட்டமும் முயன்றிருக்கிறது. விசாரணை செய்யும் போலீஸ் அதிகாரி, மூன்று மாதத்துக்குள் விபத்தைப் பற்றிய விவர அறிக்கையைத் தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 159-ஆவது பிரிவு விதிக்கிறது. அந்த அறிக்கையையே நஷ்டஈட்டு மனுவாகத் தீர்ப்பாயம் பாவிக்க வேண்டும் என்று 166-ஆவது பிரிவு கூறுகிறது. கருத்தளவில் இது உயர்ந்த ஏற்பாடு. காயம்பட்டவன் கோர்ட்டைத் தேடி ஓடாமல் கோர்ட்டே அவனைத் தேடி வருகிறது. அந்த அறிக்கை அனுப்பப்பட்டதா என்று நிலையத்தில் கேட்கக் குடும்பத்தாருக்குப் பூரண உரிமை உண்டு. எனினும் அதை நம்பிக் கைகட்டி இருந்துவிடலாகாது. விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்னும் கெடு 2022 முதல் மீண்டும் வந்திருக்கிறது. 1994-இல் நாடாளுமன்றம் மனமுவந்து நீக்கிய கெடுவைத் திரும்பக் கொண்டுவந்தது நியாயமன்று என்பது என் திடமான அபிப்பிராயம். எலும்பு கூடுவதற்கே ஆறு மாதம் ஆகும் காயங்கள் உண்டு. ஆயினும் விதி மாறும் வரை அதற்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுவதே விவேகம். விபத்து எங்கோ நேர்ந்திருந்தாலும், மனுதாரர் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். திருப்பூரில் அடிபட்ட தொழிலாளி தன் சொந்த ஊரான திருநெல்வேலியில் எம்.சி.ஓ.பி. எனப்படும் நஷ்டஈட்டு மனுவைத் தாக்கல் செய்யத் தடையில்லை.

சைக்கிளோட்டியின் பங்கிலும் பிழை உண்டு என்று காட்டித் தொகையைக் குறைக்கும் வாதம் அநேகமாக ஒவ்வொரு வழக்கிலும் எழுகிறது. இருட்டில் விளக்கில்லை, டபுள்ஸ் ஏற்றினார், எதிர்த் திசையில் வந்தார் என்பார்கள். இவற்றில் சில மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் விதியை மீறினார் என்பது வேறு, அம்மீறலே விபத்துக்குக் காரணமாயிற்று என்பது வேறு. மோட்டார் சைக்கிளில் மூவர் சென்ற வழக்கொன்றில், அப்படிச் சென்றதே விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ ஏதுவாயிற்று என்று காட்டினாலன்றி நஷ்டஈட்டைக் குறைக்கலாகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நியாயம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்த தங்கைக்கும் பொருந்தும். பட்டப்பகலில் பின்னாலிருந்து மோதப்பட்டவனுக்கு விளக்கு எதற்கு?

இவ்விஷயத்தில் ஐரோப்பிய நாடுகள் இரண்டு நமக்கு முன்னே சென்றுவிட்டன. நெதர்லாந்தில், 1994-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, சைக்கிளோட்டி மீது மோதிய மோட்டார் வாகனத்தின் சொந்தக்காரர், தம்மால் தவிர்க்கவே இயலாத காரணத்தால் அது நேர்ந்தது என்று நிரூபித்தாலன்றிப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையாயின் அநேகமாக முழுத் தொகையும், அதற்கு மேற்பட்டவராயின் அவர் பங்கில் பிழை இருப்பினும் குறைந்தது பாதியும் கிடைக்கும்படி அந்நாட்டு நீதிமன்றங்கள் வகுத்திருக்கின்றன. பிரான்ஸில், நீதி மந்திரியாக இருந்த ரொபேர் பதந்தேரின் பெயரால் வழங்கும் 1985 ஜூலை 5-ஆம் தேதிச் சட்டம், சைக்கிளோட்டியின் பிழை மன்னிக்கவொண்ணாததாயும் அதுவே விபத்தின் ஒரே காரணமாயும் இருந்தாலன்றி உடற்காயத்துக்கான நஷ்டஈட்டை மறுக்கலாகாது என்கிறது. பதினாறு வயதுக்குட்பட்டவருக்கும் எழுபது வயதைக் கடந்தவருக்கும் இன்னும் அதிகப் பாதுகாப்பு அளிக்கிறது. சாலையில் அபாயத்தைக் கொண்டுவருபவன் எவனோ அவனே அதன் விளைவையும் தாங்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. நம்முடைய 164-ஆவது பிரிவு அந்தத் தர்மத்தை ஏற்றுக்கொண்டு, இரண்டரை லட்சத்தோடு நின்றுவிட்டது. முழு நஷ்டஈட்டுக்கும் அதை விரிவாக்க வேண்டும்; குறைந்தபட்சம், நடந்து செல்பவரும் சைக்கிளில் செல்பவரும் அடிபட்ட வழக்குகளிலாவது, தன் பிழையின்மையை நிரூபிக்கும் பாரம் மோட்டார் வாகனத்தை ஓட்டியவர் மீது விழ வேண்டும்.

அடுத்தது, உழைப்புக்கு விலை மதிக்கும் விஷயம். ஊனச் சான்றிதழில் டாக்டர் எழுதும் சதவீதத்தை அப்படியே சம்பாத்திய நஷ்டத்தின் சதவீதமாகக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக மறுத்தது. கை துண்டிக்கப்பட்ட ஓட்டுநரோ தச்சரோ தம் தொழிலை அறவே இழக்கிறார். அதே ஊனம் நேர்ந்த அரசாங்கக் குமாஸ்தா தம் வேலையில் தொடர்ந்து இருக்கக்கூடும். ஆகவே ஊனத்தை உடலைக் கொண்டு மட்டும் அளக்காமல் ஜீவனத்தைக் கொண்டு அளக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2014-இல், கால் இழந்த ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில் அந்த நீதிமன்றமே செயல் ஊனத்தை, அதாவது தொழில் செய்யும் திறனில் நேர்ந்த குறைவை, 85 சதவீதமாக நிர்ணயித்ததோடு, கீழ்மன்றத்தில் 3,500 ரூபாயாகக் கொள்ளப்பட்ட மாத வருமானத்தை 6,500 ரூபாயாக உயர்த்தியது. வருமானத்துக்கு ரசீதும் வங்கிக் கணக்கும் இல்லாதவன் வருமானமே இல்லாதவன் அல்லன். குறைந்தபட்சக் கூலி விகிதத்தையும் ஊர் நடப்பையும் வைத்து அதை நிர்ணயிக்கலாம்.

இதனால் விளையும் வேற்றுமையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விளக்கத்துக்காக நானே கற்பித்த உதாரணம் இது. முப்பது வயதுக் கொத்தனார், மாதச் சம்பாத்தியம் 15,000 ரூபாய். நாற்பது வயதுக்குட்பட்ட, சொந்தக் கையை நம்பி வாழ்பவருக்கு வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு. ஆக மாதம் 21,000, வருஷத்துக்கு 2,52,000. வருஷ வருமானத்தை வயதுக்கேற்பப் பெருக்கும் எண்ணைப் பெருக்கெண் என்பார்கள்; முப்பது வயதுக்கு உச்ச நீதிமன்றத்தின் வேறொரு 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த பெருக்கெண் 17, பெருக்கினால் 42,84,000. முழங்கால் மடங்காத அவருக்கு ஊனச் சான்றிதழ் 20 சதவீதம் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் கிடைப்பது 8,56,800. ஏணி ஏறிச் சாரத்தில் நிற்க இயலாத கொத்தனாரின் செயல் ஊனம் 40 சதவீதம் என்று விளங்கவைத்தால் அது 17,13,600 ஆகிறது. இதற்கு மேல் வைத்தியச் செலவு, வேதனைக்கான தொகை, துணையிருந்தவரின் செலவு, மனு செய்த நாளிலிருந்து வட்டி ஆகியவை தனி. இந்த வேற்றுமை சாரத்தில் ஏற முடியாது என்று ஒருவர் சாட்சிக் கூண்டில் எடுத்துச் சொன்னாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஆகவே டாக்டர்களிடம் நான் மிகவும் வணங்கிக் கேட்டுக்கொள்வது இதுவே: சதவீதத்தை எழுதும்போது, இவர் இன்ன தொழில் செய்பவர், இன்ன இன்ன காரியங்களை இனிச் செய்ய இயலாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பள்ளிப் பிள்ளைக்குச் சம்பாத்தியம் இல்லையே என்று சொல்லி அற்பத் தொகையோடு நிறுத்துவதும் இனிச் செல்லாது. 2013-லேயே உச்ச நீதிமன்றம், பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட நிரந்தர ஊனமாயின் 3 லட்சத்தில் தொடங்கி, தொண்ணூறைக் கடந்தால் 6 லட்சம் வரை படிப்படியாக ஒரு வரையறை செய்தது. பிற்பட்ட தீர்ப்புகள் அதையும் தாண்டிச் சென்று, குழந்தைக்கும் கூலி விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டிருக்கின்றன. வீட்டுக் காரியங்களைப் பார்க்கும் பெண்ணின் உழைப்புக்கும் பணமதிப்பு உண்டு என்பது 2021-இல் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது.

மோதியவன் நிற்காமல் போய்விட்டால், வாகனம் இன்னதென்று தெரியாத நிலையிலும் மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். விபத்து நிகழ்ந்த தாலுக்காவின் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பித்தால் கலெக்டர் ஆணை பிறப்பிப்பார். அரசுப் பேருந்து மோதியதாயின், இன்ஷூரன்ஸுக்குப் பதில் போக்குவரத்துக் கழகமே பணம் கட்ட வேண்டும். கட்டத் தவறியதால் பேருந்து நிலையத்தில் கோர்ட் அமீனா பேருந்தை ஜப்தி செய்யும் செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். வாகனம் எதுவுமின்றிச் சாலைக் குழியால் மட்டும் விழுந்தால் இந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமில்லை. சிவில் கோர்ட்டையோ உயர் நீதிமன்றத்தையோதான் நாட வேண்டும். சிகிச்சையைப் பொறுத்தவரை, முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ரொக்கமின்றிச் சிகிச்சை பெறும் மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் வந்தது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேரம் பேசும் தரகர்களை அண்டவிடாதீர்கள். தொகையில் பங்கு கேட்பது வக்கீல்களுக்கே அவர்களுடைய பார் கவுன்சிலின் விதியால் விலக்கப்பட்டிருக்கிறது. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், வறியவர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாக அமர்த்தித் தரும். அதன் அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.

இறுதியாக, இச்சபையில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். வழியில் ஒரு சைக்கிளோட்டி அடிபட்டுக் கிடப்பதைக் கண்டால், மோதிய வாகனத்தின் நம்பரை உடனே குறித்துக்கொள்ளுங்கள்; 108-ஐ அழையுங்கள்; அவரைத் தூக்கிவிடத் தயங்காதீர்கள். உதவியவர் மீது வழக்கு ஏதும் வராமல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு காக்கிறது. உங்கள் விருப்பமின்றி உங்களைச் சாட்சியாக நிர்ப்பந்திக்கவும் முடியாது. ஆனால் நீங்கள் விரும்பிச் சாட்சி சொல்ல முன்வந்தால், அந்த ஒரு சாட்சியமே அக்குடும்பத்தின் வழக்கைத் தாங்கி நிற்கும். ஆகையால் உங்கள் பெயரையும் விலாசத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி அவருடைய உறவினர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.